இருப்புப் பாதையும் பசும் பாதையும்

ஓர் இருப்புப் பாதை திறக்கப்பெறும் நாளில் ஊரே திரண்டு வருகிறது. எஞ்சினுக்கு மாலை சூட்டுகின்றனர், தேங்காய் உடைக்கின்றனர், பெரியோர் பேசுகின்றனர், சிறுவர்கள் வண்டியோடு ஓடுகின்றனர். அதே பாதை மூடப்பெறும் நாளில் வருவோர் எத்தனை பேர்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. அலுவலகத்திற்கு ஒரு சுற்றறிக்கை வருகிறது. கால அட்டவணையில் ஒரு பத்தி குறைகிறது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க ஆட்கள் வருகின்றனர். அத்துடன் அப்பாதையின் கதை முடிந்தது என்று உலகம் எண்ணிவிடுகிறது.

முடியவில்லை என்பதே நம் கருத்து. தண்டவாளம் போனாலும் தரை போவதில்லை. மலையைக் குடைந்த வெட்டு, பள்ளத்தை மேடாக்கிய மண்கரை, ஓடைமீது கட்டிய சிறு பாலம், மழைநீர் வடியத் தோண்டிய வாய்க்கால் ஆகியவை அங்கேயே கிடக்கின்றன. புகைவண்டி செங்குத்தாக ஏற மாட்டாது. ஆதலால் அதற்கென வகுத்த தரை மலையை வளைந்து வளைந்து, முதியோரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் நடக்கத்தக்க மெல்லிய ஏற்றத்துடன் செல்கிறது. அன்றியும் அத்தரை தொடர்ச்சியானது. மைல் கணக்கில் அறுபடாமல் கிடக்கும் ஒரு நிலப்பட்டையை இன்று புதிதாக விலைக்கு வாங்குவது எந்த அரசுக்கும் எளிதன்று. முன்னோர் உழைப்பால் அஃது ஏற்கெனவே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் குப்பை மேடாகவும் விடலாம். மனிதருக்கும் மரஞ்செடிகளுக்கும் பறவை விலங்குகளுக்கும் பயன்படும் பசும் பாதையாகவும் ஆக்கலாம்.

வாளையாற்றுக்கு மேற்கே குடியேறி, இருப்புப் பாதைத் துறையின் ஊதியத்தால் மக்களைப் படிக்க வைத்து, இக்குடியிருப்பில் தமிழ் வளர்க்கும் நமக்கு இப்பொருளில் தனி அக்கறை இருத்தல் வேண்டும். ஏனெனில் நாம் வாழும் பாலக்காட்டு மலைகளிலும், அவற்றோடு தொடர்ந்து கிடக்கும் இடுக்கி மலைகளிலும், மறைந்துபோன இருப்புப் பாதைகள் இரண்டு உறங்குகின்றன. அவற்றின் வரலாற்றை முதலில் காண்போம்.

பறம்பிக்குளத்து டிராம்வே

கொச்சி நாட்டை 1895 முதல் 1914 வரை ஆண்ட இராமவர்ம மகாராஜாவை மக்கள் இராஜரிஷி என்று அழைத்தனர். சொரணூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு ரயில் கொண்டு வரப் பொருள் போதாதபோது, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் முகபடாங்களை விற்றுப் பணம் சேர்த்தவர் அவரே. அப்பாதையில் 1902ஆம் ஆண்டு வண்டி ஓடியது. அதே மன்னர் காலத்தில்தான் காட்டுக்குள் செல்லும் மற்றொரு பாதையும் பிறந்தது.

பறம்பிக்குளம் காட்டில் தேக்கும் ஈட்டியும் வானளாவ நின்றன; அவற்றைக் கீழே கொணர வழியில்லை. சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை ஏறத்தாழ 49½ மைல் நீளத்திற்கு மீட்டர் கேஜில் ஒரு பாதை இடப்பெற்றது. 1907ஆம் ஆண்டு அது இயங்கத் தொடங்கியது. கொச்சி அரசு வன டிராம்வே என்பது அதன் பெயர். எஞ்சின்கள் ஜெர்மனி நாட்டில் செய்யப்பெற்றவை. மலை மிகச் செங்குத்தாக இருந்த இடங்களில் எஞ்சினுக்கு வேலையில்லை. அங்கே சரிவுப் பாதை அமைத்து, இரும்பு வடத்தின் இரு முனைகளிலும் வண்டிகளைப் பூட்டினர். பாரம் ஏற்றிய வண்டி தன் எடையால் கீழே இறங்கும்போது மறுமுனை வண்டியை மேலே இழுத்துக்கொள்ளும். மேலே நிற்பவர் பிரேக்கைப் பிடித்து வேகத்தை அடக்குவார். கரியும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். பிடி நழுவினால் உயிரும் மிஞ்சாது. அவ்வாறு உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அப்பாதை ஓடியது. காட்டின் செல்வம் அதன் வழியே கீழே இறங்கி, கொச்சித் துறைமுகத்தின் வாயிலாகக் கடல் கடந்தது. மரத்திற்கு மட்டுமன்றி அறிவுக்கும் அப்பாதை ஒரு முறை உதவிற்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது, இந்த டிராம்வேயின் வழியிலுள்ள குரியார்குட்டியில் தங்கினார். மரம் அறுக்கச் சென்ற பாதையில் பறவையை எண்ணவும் ஒருவர் சென்றார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

காலம் மாறியது. சாலைகள் வந்தன; லாரிகள் வந்தன; டிராம்வேயால் வரவினும் செலவு மிகுந்தது. 1963ஆம் ஆண்டு அது மூடப்பெற்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1973இல், பறம்பிக்குளம் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2010இல் புலிகள் காப்பகமாக உயர்ந்தது. இன்று அதன் பரப்பு சுமார் 643 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ 7 மீட்டர் சுற்றளவுடைய கன்னிமாரத் தேக்கு அங்கே இன்னும் நிற்கிறது. அதன் உறவினர் அனைவரும் வெட்டுண்டு டிராம்வே ஏறிச் சென்றபின் எஞ்சிய பாட்டனாரைப் போல அம்மரம் காட்சி தருகிறது.

பாலக்காட்டிலிருந்து பறம்பிக்குளம் செல்ல நினைப்போர் இன்றும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே மோட்டாரில் போக வேண்டும். பழைய டிராம்வேத் தடத்தின் பெரும்பகுதியைக் காடு தன் வசமாக்கிக்கொண்டது. மண்கரைமேல் மரங்கள் வேர்விட்டன. மனிதர் எடுத்ததைக் காடு மெல்லத் திரும்பப் பெறுகிறது. பசும் பாதை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு உண்டோ?

குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயில்

இனி, ஆனைமலைத் தொடரின் வழியே தென்கிழக்கே செல்வோமாயின் மூணாற்றை அடைவோம். அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிய தோள்கள் பெரும்பாலும் தமிழ்த் தோள்களே. மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணிகளோடு மலையேறி வந்தவர்களின் பேரர்களும் கொள்ளுப் பேரர்களும் இன்றும் அங்கே கொழுந்து கிள்ளுகின்றனர்.

பறித்த தேயிலையைக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? 1902ஆம் ஆண்டு மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு விந்தையான பாதை அமைக்கப்பெற்றது. அதில் ஒரே தண்டவாளம். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் இருக்கும். பக்கத்தில் தரையில் உருளும் பெரிய சக்கரம் ஒன்று வண்டி சாயாமல் தாங்கும். இழுப்பவை மாடுகள். 1908இல் அதை மாற்றி, 2 அடி அகலமுள்ள சிறு இரயில் பாதையாக்கினர். நீராவி எஞ்சின் வந்தது. பாதையின் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

டாப் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். அதற்கு அப்பால் மலை சுவர்போல் இறங்குகிறது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூருக்குச் சென்றன. பின்னர்த் தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போயின. மாடு, ரயில், கம்பி வடம், மீண்டும் மாடு, கப்பல் என்று ஐந்து வகைப் பயணம் செய்தபின்தான் அத்தேயிலை இலண்டன் மாநகரத்துக் கோப்பையை அடைந்தது.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெருமழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் மலையாள மக்கள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே கூறுவர். மலைகள் சரிந்தன, சரிந்த மண் நீரைத் தேக்கியது, தேக்கம் உடைந்து பள்ளத்தாக்கையே வாரிச் சென்றது. பாலங்களும் தண்டவாளங்களும் நிலையங்களும் சில நாட்களில் மறைந்தன. அந்த ரயில் பிறகு எழவேயில்லை. மூணாற்றில் இருந்த பழைய நிலையக் கட்டிடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக நிற்கிறது. டாப் ஸ்டேஷன் என்ற ஊரின் பெயரில் மட்டும் ஸ்டேஷன் வாழ்கிறது. அங்கே மூடுபனியைக் காணச் செல்லும் ஆயிரக்கணக்கானோரில் அப்பெயரின் காரணத்தை அறிந்தோர் சிலரே.

இப்பாதை முழுவதும் இன்று கைக்குக் கிடைக்காது. மாட்டுப்பட்டியிலும் குண்டளையிலும் அணைகள் எழுந்துவிட்டன. சாலையும் தோட்டமும் பல இடங்களை விழுங்கிவிட்டன. ஆயினும் எஞ்சிய வெட்டும் கரையும் எங்கெங்கு உள்ளனவோ அங்கெல்லாம் அளந்து குறித்து வைப்பது தகும்.

கடலோரத்துப் பாதை

மலைப் பாதைகள் இரண்டைக் கண்டோம். கடலோரத்திலும் தமிழர் நெஞ்சை விட்டு அகலாத பாதை ஒன்று உண்டு. அது பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாதை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் ரயிலில் கொழும்பை அடைந்தார். போட் மெயில் என்ற பெயரைக் கேட்டாலே நம் முதியோர் கண்களில் ஓர் ஒளி தோன்றும்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூரும் அத்துறைமுகமும் அழிந்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியொன்று கடலலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பயணிகளோடு பணியாளரும் மாண்டனர். அவர்கள் அனைவருக்கும் இம்மலரின் வாயிலாகத் தலை வணங்குகிறோம்.

பாதை மூடப்பெற்ற பின் அந்த மணல் நாக்கில் இயற்கை என்ன செய்தது? அடம்பங்கொடி படர்ந்தது, இராவணன் மீசைப் புல் மணலைப் பிடித்தது, பறவைகள் திரும்பின. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. தமிழ்நாட்டு அரசு 2025ஆம் ஆண்டு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஒரு காலத்தில் கப்பலுக்கு மணியடித்த இடத்தில் இன்று வலசை வரும் பறவைகளுக்கு இடம் ஒதுக்கப்பெற்றுள்ளது. பாதையை மீண்டும் இட வேண்டும் என்ற பேச்சும் 2019இல் அடிக்கல் நாட்டும் அளவுக்கு வந்தது. பழைய தரையை இரயிலுக்குக் கொடுப்பதா, பறவைக்கு விடுவதா, மணல்மேட்டுக்கு விடுவதா என்ற கேள்வி எழும்போது, அத்தரை இப்போது என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். செடி பிடித்த மணல்மேடு கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் மதில். புயலைக் கண்ட ஊருக்கு அம்மதிலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றைய நாட்டார் செய்தது

கைவிட்ட இருப்புப் பாதையைப் பசும் பாதையாக்கும் முயற்சி உலகில் பல நாடுகளில் நடந்துள்ளது. அமெரிக்காவில் மோட்டார் பெருகியபின் ஆயிரக்கணக்கான மைல் பாதைகள் ஓய்ந்தன. 1983இல் அந்நாட்டார் ஒரு சட்டம் செய்தனர். ஓய்ந்த பாதையை நடைபாதையாகப் பயன்படுத்தலாம். ஆனால் தரையைத் துண்டு போடலாகாது. பிற்காலத்தில் இரயில் வேண்டுமாயின் அதே தரையில் மீண்டும் தண்டவாளம் இடலாம். பணத்தை வங்கியில் இட்டு வைப்பதுபோல் பாதையை இட்டு வைக்கும் திட்டம் இது.

இதன் அருமையை நம் பாலக்காடு கோட்டத்தார் நன்கு உணர்வர். சொரணூர் நிலம்பூர்ப் பாதை 1927இல் முழுமையாக்கப்பெற்றது. போர்க்காலத்தில், 1941இல், அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சென்றனர். தரை சிதையாமல் இருந்ததால் 1954இல் வண்டி மீண்டும் ஓடிற்று. இன்று இரு மருங்கும் மரங்கள் கவிந்த அப்பாதையில் பயணம் செய்வோர் அது ஒரு முறை இறந்து பிழைத்த பாதை என்பதை அறியார். டாப் ஸ்டேஷன் அடிவாரத்துப் போடிநாயக்கனூரும் இத்தகைய கதை உடையதே. 1928இல் அங்கே ரயில் வந்தது, போர்க்காலத்தில் பாதை பெயர்ந்தது, பிறகு மீண்டது, அகலப்பாதையாக்க மறுபடி மூடப்பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் 2023இல் மீண்டும் வண்டி வந்தது. தரையைக் காத்தவர் பாதையைக் காத்தவராவர்.

ஸ்பெயின் நாட்டார் 1993 முதல் ஓய்ந்த பாதைகளைப் பச்சைப் பாதைகள் என்ற பெயரில் திறந்து, இதுவரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் அமைத்துள்ளனர். பழைய நிலையங்கள் பலவற்றில் உணவு விடுதிகளும் மிதிவண்டி நிலையங்களும் இயங்குகின்றன. நியூயார்க் நகரில், 1934இல் தூண்கள்மேல் எழுந்து 1980இல் ஓய்ந்த சரக்குப் பாதை 2009இல் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பூங்கா அழகாக அமைந்ததும் சுற்றிலும் வீட்டு வாடகை ஏறி, எளியோர் அங்கே வாழ்வது அரிதாயிற்று. பாதையை அழகு செய்வோர் பாதையோரத்து ஏழையை மறத்தல் கூடாது.

நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் உள்ளது. மலேயா நாட்டு இருப்புப் பாதைகளை இட்டும் காத்தும் உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழரே. சிங்கப்பூரின் குறுக்கே தஞ்சோங் பகார் நிலையம் வரை சென்ற அப்பாதையில் 2011 ஜூன் 30ஆம் நாள் கடைசி வண்டி ஓடியது. நிலத்தின் விலை பொன்னின் விலையாக உள்ள அச்சிறு தீவில், அத்தரையைக் கட்டிடங்களுக்குக் கொடுத்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று, பாதை மூடுவதற்கு முன்பே, 2010இல், இதைப் பசும் பாதையாக விடுக என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது. அரசும் இணங்கியது. இன்று 24 கிலோமீட்டர் நீளத்திற்கு அங்கே மக்கள் நடக்கின்றனர். இரும்புப் பாலங்களும் புக்கிட் திமா நிலையமும் காக்கப்பெற்றுள்ளன. ஒரு சங்கம் உரிய காலத்தில் எழுதிய ஒரு விண்ணப்பத்தின் பயன் இது. நம் போன்ற சங்கத்தார் இதைக் கருத்தில் இருத்த வேண்டும்.

பசுமை என்பது யாது?

பசும் பாதை என்றவுடன் சிலர் சிமெண்டு ஓடும், வண்ண விளக்கும், தின்பண்டக் கடையும் மனத்தில் காண்கின்றனர். நகரத்தில் அவை பொருந்தலாம். காட்டில் அவை கேடு. ஒவ்வோர் இடத்திற்கும் அவ்விடத்துப் பசுமை எது என்று அறிதல் வேண்டும்.

பறம்பிக்குளத்தில் சிறந்த பசுமை, தடத்தைக் காட்டிடமே விடுவதாகும். வனத்துறையின் அனுமதியுடன், சிறு குழுவினர், பகலில், காட்டை அறிந்த வழிகாட்டியோடு சில மைல் நடந்து, சரிவுப் பாதையின் எச்சத்தையும் பாலத்தூண்களையும் கண்டு திரும்பினால் போதும். வழிகாட்டியாக வருவோர் காடர், மலசர், முதுவர் முதலிய மலைவாழ் மக்களாக இருத்தல் முறை. டிராம்வே வருமுன்பே அவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அவர்தம் உரிமையை ஏற்கிறது. அவர்களைக் கேளாமல் வகுக்கும் திட்டம் எதுவும் நிலைக்காது.

மூணாற்று மலையில் பசுமை வேறு வகையினது. அங்கே இயற்கையின் கோலம், மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் ஆகும். புல்வெளியை வெற்றிடம் என்று எண்ணி மரம் நட்டால் குறிஞ்சிக்கும் வரையாட்டுக்கும் இடமில்லாது போகும். யூகலிப்டசும் வாட்டில் மரமும் அவ்வாறு நடப்பெற்றுப் பரவிப் பெருந்தொல்லையாயின. ஆகவே ஓடையோரத்துத் தடத்தில் சோலை மரங்களையும், மேட்டுத் தடத்தில் அவ்விடத்துப் புல்லையும் வளர்ப்பதே அறிவுடைமை. பழைய வடிகால்களையும் மதகுகளையும் தூர் எடுத்து வைப்பதும் பசுமைப் பணியே. மழை பெய்யும் மலையில் நீருக்கு வழி விடுவது உயிருக்கு வழி விடுவதாகும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் புதைந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. இம்மலையில் எதைச் செய்தாலும் சரிவையும் நீரையும் முதலில் கேட்டுச் செய்ய வேண்டும்.

மற்றொரு துயரமும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2018 மார்ச் 11ஆம் நாள், டாப் ஸ்டேஷன் மலைக்குக் கீழுள்ள குரங்கணிக் காட்டில், கொழுக்குமலையிலிருந்து நடந்து இறங்கிய இளைஞர் குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைப்பாதை என்றால் கால் போன போக்கில் நடப்பது என்று பொருளன்று. கோடையில் மூட வேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். போவோர் கணக்கும் வருவோர் கணக்கும் எழுத வேண்டும். இருப்புப் பாதையில் பழகிய நமக்கு இது புதிதன்று. கேங்மேன் நாள்தோறும் தன் பகுதியை நடந்து பார்க்கிறான், சாவியை இறுக்குகிறான், குறிப்பெழுதுகிறான். பசும் பாதைக்கும் அத்தகைய கேங்மேன் வேண்டும். காவலில்லாத பாதையில் உண்ணிச்செடி முதலில் ஏறும். குப்பை அடுத்து ஏறும். ஆக்கிரமிப்பு கடைசியில் ஏறும்.

கடலோரத்தில் பசுமை என்பது மணலைப் பிடிக்கும் கொடியும் புல்லும் தாழையும் பனையும் ஆகும். அங்கே சீமைக் கருவேலத்தை வளர்த்துப் பசுமை என்று கணக்குக் காட்டுவது கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்வதாகும்.

இவற்றோடு யானையையும் நினைக்க வேண்டும். நம் கோட்டத்தில் வாளையாற்றுக்கும் மதுக்கரைக்கும் இடையே இருப்புப் பாதை காட்டை ஊடறுத்துச் செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ஒரே வண்டியில் அடிபட்டு மாண்டன. அன்று இக்குடியிருப்பில் வருந்தாத வீடில்லை. வண்டி ஓட்டுவோரும் மனிதரே. இருளில் குறுக்கிடும் யானையைக் கண்டு பிரேக்கைப் பிடித்தாலும் ஆயிரம் டன் வண்டி உடனே நிற்காது. பின்னர் அப்பகுதியில் யானைகள் கடக்கச் சுரங்க வழிகள் அமைத்தனர். 2024இல் இரவிலும் காணும் காமிராக்களை நிறுவினர். நல்லதே. ஓடும் பாதையில் யானையைக் காக்க இத்துணைப் பொருளும் முயற்சியும் வேண்டியிருக்கும்போது, ஓடாத பாதைகளையாவது யானைக்கும் மானுக்கும் தடையில்லா வழியாக விட்டு வைப்பது பெரிய தியாகமன்று.

நம் கடன்

மரம் ஏற்றிச் செல்ல இட்ட பாதையில் மரம் வளர்வதும், தேயிலை இறங்கிய பாதையில் சோலை ஏறுவதும், புயல் அழித்த பாதையில் பறவை இறங்குவதும் ஒருவகை நீதி. காட்டிடம் நாம் பட்ட கடனை வட்டியோடு தீர்க்க இயலாவிடினும், முதலில் ஒரு பகுதியையேனும் தீர்க்க இப்பாதைகள் வழி காட்டுகின்றன. ஆனால் நீதி தானே நடந்துவிடாது. தரை யாருடையது என்ற பதிவேடும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வரைபடமும் இல்லாவிடில், இன்று நடைபாதை என்று சொன்ன இடம் நாளை ஒருவர் வீட்டுக் கொல்லையாகிவிடும்.

இதில் நம் சங்கம் செய்யத்தக்கவை சில உள. டிராம்வே நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதில் சிறுவராய் ஏறியவர் இன்று முதுமை எய்தியிருப்பர். அவர்களுள் பாலக்காட்டிலும் சாலக்குடியிலும் வாழ்வோரைக் கண்டு அவர்தம் நினைவுகளை எழுதி வாங்க வேண்டும். காலம் தாழ்த்தினால் கேட்க ஆளிருக்காது. நம் குடும்பங்களில் பழைய புகைப்படமோ, பாஸோ, கைவிளக்கோ, பித்தளைப் பட்டையோ இருப்பின் அவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் காக்க வேண்டும். மூணாற்றுத் தோட்டங்களில் வாழும் நம் உறவினரிடம் குண்டளைப் பாதையைப் பற்றிப் பாட்டன் பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டு வர வேண்டும். பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லும்போது, அருவியை மட்டும் காட்டாமல், இதோ வெட்டு, இதோ கரை, இதோ உன் இனத்தார் சுமந்த கல் என்று காட்ட வேண்டும்.

இவற்றைத் திரட்டி, சிங்கப்பூர்ச் சங்கத்தார் செய்ததுபோல், ஒரு விண்ணப்பம் எழுதுவோம். எஞ்சியுள்ள தடங்களை அளந்து குறிக்குமாறும், துண்டு போடாமல் காக்குமாறும், அங்கங்கே உழைத்தோர் நினைவாகத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு கல் நடுமாறும் கேட்போம். கேட்பதை மரியாதையோடும் ஆதாரத்தோடும் கேட்டால் செவி சாய்ப்போர் உளர்.

இருப்புப் பாதை ஊரையும் ஊரையும் இணைத்தது. பசும் பாதை காட்டையும் காட்டையும் இணைக்கும். சென்ற தலைமுறையையும் வரும் தலைமுறையையும் இணைக்கும். பிழைப்புத் தேடி இம்மலைநாட்டுக்கு வந்த தமிழர், தமக்குச் சோறிட்ட மண்ணுக்கு நிழல் தந்தனர் என்ற நற்பெயர் நமக்கு வாய்க்குமாக. ஆண்டு விழாக் காணும் நம் சங்கம் அப்பணியிலும் முன்னின்று வாழ்க.